போத்தல் நானா எடுக்காத மூட்டை

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கும்போதுதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்துக் காம்பிராவுக்குள் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்று தெரியும். கட்டிலுக்கடியிலிருந்து வரும், அட்டலிலிருந்து வரும், அடுப்படிக் கூரையில் செருகிவைத்த இடத்திலிருந்தும் வரும். மடித்து மடித்துச் சேர்த்த சொப்பிங் பேக், எண்ணெய்ப் போத்தல், காது உடைந்த வாளி, பிள்ளைகள் தின்றுபோட்ட பக்கெட். வருசா வருசம் இதையெல்லாம் லயத்துக்குக் கீழே தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் குவித்து நெருப்பு வைப்போம். எரிந்தது புகையாகப் போகும். எரியாதது கானில் கிடக்கும், அடுத்த மழையில் அதுவும் போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருசம் பொங்கல் பெரிதாக இல்லை. 2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயலில் இலங்கை மலைநாடெங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். எங்கள் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கீழ்வரிசை வீடுகளில் சேறு புகுந்துவிட்டது. அள்ளிக் கொட்டிய சாமான் வழக்கத்தைவிட மூன்று மடங்கு இருக்கும். நெருப்பு வைக்கலாம் என்று பையன்கள் கிளம்பியபோது பெண்கள் விடவில்லை. வரிசைக் கடைசியிலுள்ள தொங்க காம்பிராவில் இருக்கும் பிள்ளைக்குத் தொய்வு. போன வருசம் அந்தப் புகையில் மூச்சு விட முடியாமல், இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதனால் எல்லாவற்றையும் கோயிலுக்கு முன்னால் கொட்டினோம். உட்கார்ந்து பிரித்து, கழுவி, வெயில் காட்டி, உரப்பைகளில் கட்டினோம். அப்புறம் பழைய போத்தல், இரும்பு வாங்க டவுனிலிருந்து வரும் போத்தல் நானாவுக்குச் சொல்லியனுப்பினோம்.

நானா ஆட்டோவில் கொக்கித் தராசோடு வந்தார். ஒவ்வொரு மூட்டையாக வாயை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் மூட்டைக்குத் தலையாட்டினார். உடைந்த வாளி, பேசின், கதிரைக்காலும் சரி. தகரம், இரும்பு, மட்டைப்பெட்டி, கண்ணாடிப் போத்தல் எல்லாம் நிறுத்தார். கடைசியாக நான்கு மூட்டை. பிஸ்கட் உறை, பால்மாப் பக்கெட், மசாலாத்தூள் பக்கெட், நூடில்ஸ் கவர், மெல்லிய பொலித்தீன். உள்ளே கையை விட்டவர் அப்படியே எடுத்துவிட்டார்.

“இத ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க தங்கச்சி. பாரமும் இல்ல, வெலையும் இல்ல.”

பெண்களுக்கு முகம் விழுந்துவிட்டது. கழுவிக் காயவைத்தது பூராவும் அவர்கள்தான். “சும்மாவாவது கொண்டுபோங்க நானா” என்று அம்மா கேட்டார். “கொண்டுபோய் நான் எங்கக்கா கொட்டுறது?” என்றார் அவர். அவரும் பொய் சொல்லவில்லை.

அன்று இரவு ஒரு பால்மாப் பக்கெட்டை எடுத்துக் கத்தரியால் வெட்டி, ஓரத்தை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் பிரியவில்லை. நகத்தால் நெடுநேரம் நெருடியதில் மேலே படம் அச்சடித்த தாள் ஒரு மூலையில் கிளம்பியது. அதற்குக் கீழே வெள்ளி மினுக்கம். அதற்கும் உள்ளே பால்நிறத்தில் இன்னொரு தோல். அதற்குமேல் பிரிக்க முடியவில்லை, கிழிந்துவிட்டது. வெளியே ஒரு வகைப் பிளாஸ்டிக், நடுவே அலுமினியம், உள்ளே பொலித்தீன். காற்றும் ஈரமும் புகாமலிருக்க மூன்றையும் ஒட்டிவிடுகிறார்கள். தூள் கட்டிபிடிக்காமல் இருக்க இது வேண்டும்தான், அதிலும் எங்கள் பனியில் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒட்டியதைத் திரும்பப் பிரித்துத் தனித்தனியாக உருக்குவதற்கு ஆகும் செலவு, அதிலிருந்து கிடைக்கும் பொருளைவிடக் கூட. தண்ணீர்ப் போத்தல் ஒரே வகைப் பிளாஸ்டிக். அதைத் துகளாக்கி நூல் இழுக்கலாம், தும்புத்தடிக்கு நார் இழுக்கலாம். நம் நாட்டிலேயே செய்கிறார்கள். அதனால் போத்தலுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைத் தேடி நானா மலையேறி வருகிறார். பக்கெட்டைத் தேடி வர ஆளில்லை.

எங்கள் ஆட்கள் ஏன் சின்னப் பக்கெட்டாக வாங்குகிறார்கள் என்று டவுனில் சிலர் கேட்பார்கள். பெரிய பக்கெட் வாங்கினால் லாபமும் கூட, குப்பையும் குறைவு என்பார்கள். சரிதான். ஆனால் தோட்டத்தில் சம்பளம் பத்தாம் தேதி. நாட்கூலிக் கணக்கில் வரும் அந்தக் காசு கடைக்கடனுக்கும் சீட்டுக்கும் போக, இருபதாம் தேதிக்குப் பிறகு ஒரு வீட்டில் ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவுதான் எடுப்பார்கள். அந்தக் கையிருப்பை அளந்துதான் கம்பனிகளும் பக்கெட்டின் அளவை வெட்டியிருக்கின்றன. 2021 மார்ச் கடைசியில் 20 கிராமுக்கும் 20 மில்லிலீற்றருக்கும் உட்பட்ட சின்னப் பக்கெட்டுகளுக்கு அரசாங்கம் தடை போட்டது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. எங்கள் கடையில் கயிற்றில் தொங்குவதில் பெரும்பாலானது உணவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்தில் குப்பை லொறி மணியடித்துக்கொண்டு வரும். தோட்டத்துக்கு அது ஏன் வந்து பழக்கமில்லை என்பதற்கு ஒரு சட்டக் காரணம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு. அதனால் ஊர் நிர்வாகம் பார்க்கும் அந்தச் சபைகள் தங்கள் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவழிக்க முடியாமல் இருந்தது. வாக்குப் போடலாம், சபைக்கு ஆளை அனுப்பலாம், ஆனால் அந்தச் சபை நம் லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்தம் வந்துவிட்டது, ஆனால் முப்பது வருசம் இல்லாத லொறியும் ஆட்களும் பாதையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. லயத்துக்குப் பக்கத்திலிருக்கும் கானும் ஆறும்தான் இத்தனை காலம் எங்கள் குப்பை லொறி.

அந்த ஆறு கொத்மலை ஓயா. எங்கள் கான் ஒரு சின்ன ஓடையில் விழுந்து, ஓடை அதில் போய்ச் சேரும். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை, அதற்கும் கீழே கொத்மலை நீர்த்தேக்கம். அங்கிருந்து மகாவலி ஆற்றோடு பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டெம்பே என்று அணை அணையாக இறங்கி, மன்னம்பிட்டி தாண்டி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மகாவலியின் முழு நீளம் 335 கிலோமீற்றர். மஸ்கெலியாவில் விழும் மழை களனி ஆற்றோடு கொழும்புக்கே போகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அதுதான். ஹோர்ட்டன் சமவெளியின் தெற்குப் பக்கத்து நீர் வளவை ஆற்றோடு அம்பலாந்தோட்டைக்கு இறங்குகிறது. ஒரே மலையிலிருந்து கிழக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று கரைக்கும் தண்ணீர் போகிறது.

அணையெல்லாம் குப்பையைப் பிடித்து வைத்துக்கொள்ளாதா என்று நானும் நினைத்ததுண்டு. ஓரளவு பிடிக்கும். ஆனால் பக்கெட் மிதக்கும். வெள்ளத்தில் கதவைத் திறந்தால் தண்ணீரோடு போகும். பிடிபட்டதும் அப்படியே இருப்பதில்லை. வெயிலில் காய்ந்து, மொறுமொறுத்து, தொட்டால் உதிர்கிற பொடியாகிவிடுகிறது. பொடியைப் பிடிக்கிற வலை கிடையாது.

டிட்வாவுக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து ஓயாக் கரைக்குப் போனேன். மூங்கில் புதர்களில் என் தலைக்கு மேலே, ஒரே மட்டத்தில், வரிசையாகப் பொலித்தீன் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கு அதுதான் அடையாளம். கிழிந்த படங்கு, உரப்பை நூல், பிள்ளைகளின் சப்பாத்து, யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிய சாமிப்பட உறை. அதைப் பார்த்துவிட்டுக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டின் சாமான்கள் அவை. ஆனால் கடலுக்குப் போய்ச் சேரும்போது அதற்கும் அதே பெயர்தான்.

மூதூரில் படிப்பிக்கும் என் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். மார்கழி, தை மாதங்களில் அங்கே கரையொதுங்கும் போத்தல்களில் பாதியை வாசிக்கவே முடியாது என்பார். இந்தி, வங்காளம், பர்மா, தாய்லாந்து எழுத்துகள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் வங்காள விரிகுடாவிலிருந்து நம் கிழக்குக் கரையோரமாக இறங்கித் தெற்கைச் சுற்றி மேற்கே போகிறது. தென்மேற்குக் காலத்தில் திரும்பிக்கொள்கிறது. ஆறு மாதம் அவர்கள் குப்பை நமக்கு, ஆறு மாதம் நம் குப்பை அவர்களுக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையைத் துப்புரவாக்குவார், அடுத்த கிழமை மறுபடி நிறைந்திருக்கும். “நீங்க மேல இருந்து அனுப்புறதும் இதுலதான் இருக்கு” என்று ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது இன்னும் மனதில் இருக்கிறது.

ஒரு நாட்டுக்குள் மட்டும் முடிகிற காரியம் இல்லை இது என்பதை எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் காட்டிவிட்டது. 2021 மே 20ஆம் தேதி கொழும்புக்கு வெளியே அது தீப்பிடித்தது, ஜூன் 2ஆம் தேதி மூழ்கத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள். பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் குருணை சுமார் 1,680 தொன் கடலில் கொட்டியது. உலகில் கடலில் கொட்டிய பிளாஸ்டிக் குருணையில் அதுவே பெரியது. அப்போது வத்தளையில் வேலைசெய்த என் மச்சான் ஒரு கைப்பிடியைச் சின்ன ஜாடியில் போட்டுக்கொண்டு வந்து காட்டினான். பார்க்கச் சவ்வரிசி மாதிரியே இருந்தது. அம்மா தெரியாமல் பாயாசத்துக்கு எடுத்துவிடுவார் என்று ஜாடியை மேல்தட்டில் ஒளித்துவைத்தோம். மீனும் ஆமையும் ஏமாறாமல் என்ன செய்யும்?

அந்தக் கப்பலின் கதையில் என்னை உறுத்துவது தீயைவிட அதற்கு முந்திய நாட்கள். ஒரு கொள்கலனில் நைத்திரிக் அமிலம் கசிவது கொழும்புக்கு வருமுன்பே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் ஏற்கவில்லை. கசிந்துகொண்டே அது நம்மிடம் வந்து சேர்ந்தது. அப்புறம் தீயணைக்க இந்தியக் கரையோரக் காவல்படைக் கப்பல்கள் ஓடோடி வந்தன. அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் கசிகிற கப்பலை எந்தத் துறைமுகம் ஏற்பது, செலவு யாருடையது என்று இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், தீயணைக்க ஓடி வரத் தேவை வந்திருக்காது. 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு நூறு கோடி டொலர் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. நல்ல தீர்ப்பு. குருணை மணலுக்குள் போய் நான்கு வருசம் கழித்து வந்த தீர்ப்பு.

பேசி வைப்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. தெற்காசியச் சுற்றாடல் ஒத்துழைப்புக்கான அமைப்பு 1982இலிருந்து கொழும்பிலேயே இருக்கிறது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், மாலைதீவு ஐந்தும் சேர்ந்து 1995இல் தெற்காசியக் கடல்களுக்கென்று ஒரு செயற்திட்டம் ஏற்றன. 2020இலிருந்து உலக வங்கிப் பணத்தில் பிளாஸ்டிக் இல்லாத ஆறுகளுக்கும் கடல்களுக்கும் என்றே ஒரு திட்டம் அந்த அமைப்பின் கையில் நடந்தது. அதன் பெயரில் கடலுக்கு முன்னால் ஆற்றைப் போட்டிருந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. பிளாஸ்டிக் பற்றிய உலக ஒப்பந்தப் பேச்சோ 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் முடிவு காணாமல் கலைந்துவிட்டது. உலகம் ஒத்துக்கொள்ளும்வரை ஐந்து நாடு காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மெல்லிய பொலித்தீன் பையை நாடு முழுக்க முதன்முதலில் தடைசெய்தது பங்களாதேஷ், 2002இல். நம் பக்கத்து ஆட்களுக்குத் துணிச்சல் இல்லாமல் இல்லை.

எனக்கு நம்பிக்கை தந்தது கூட்ட அறிக்கை எதுவும் அல்ல, தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்துபோன குடும்பம் எங்களுடையது. சித்தப்பா தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு போட்ட டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தார். அவர் மகன் இப்போது அங்கே வண்டி ஓட்டுகிறான். மூட்டைக் கதையைச் சொன்னதும் சிரித்தான்.

“அண்ணே, இங்க சாராயக் கடையில பாட்டிலுக்குப் பத்து ரூவா கூட வாங்கிக்குவாங்க. வெறும் பாட்டிலத் திருப்பிக் குடுத்தா பத்து ரூவா கைக்கு வந்துரும். குடிச்சவன் போட்டுட்டுப் போனாலும் வேற ஒருத்தன் பொறுக்கிட்டு வந்துருவான். ரோட்டுல ஒண்ணு கெடக்காது.”

காட்டில் உடைத்துப் போடும் போத்தலில் யானைகள் கால் அறுபடுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், நீதிமன்றம் சொல்லி 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது அது. மலையேறும் வண்டிகளை நிறுத்தி பிளாஸ்டிக் போத்தலைப் பிடுங்கவும் செய்கிறார்கள். இங்கே ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா வாசலிலும் காவலர்கள் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை வாங்கிவைத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அது நுழைவுச்சீட்டு விற்கிற வாசல். லயத்துக்கு வாசலும் இல்லை, சீட்டும் இல்லை. அதனால் எங்களுக்குப் பொருந்துவது அந்தப் பத்து ரூபாய்தான்.

அது புதிதும் அல்ல. நான் சின்னப் பையனாக இருந்தபோது வெறும் போத்தலைக் கொண்டுபோனால்தான் கடையில் சோடா. இல்லையென்றால் போத்தலுக்குத் தனிக்காசு. உடைத்துவிட்டு வந்தால் வீட்டில் அடி. பருப்பு பேப்பர்ச் சுருளில், தேங்காயெண்ணெய் நாம் கொண்டுபோகும் போத்தலில். அந்தக் காலம் திரும்பட்டும் என்று நான் சொல்லவில்லை. பனியில் நனைந்த பேப்பர்ச் சுருள் பாதி வழியில் பிய்ந்து பருப்பைக் கொட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. காசு ஒட்டியிருக்கிற பொருளை யாரும் கானில் போடவில்லை, அதைத்தான் சொல்கிறேன். 2025 நவம்பர் முதலாம் தேதியிலிருந்து சொப்பிங் பேக்கைச் சும்மா கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் போட வேண்டும் என்று வந்ததும், அம்மா அட்டலில் கிடந்த துணிப்பையை எடுத்துத் துவைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.

பால்மாப் பக்கெட்டிலும் அப்படி ஒரு காசு ஒட்ட வேண்டும். வாங்குகிறவர் தலையில் அதைக் கட்டக் கூடாது, எங்கள் ஆட்களுக்கு அது தாங்காது. தயாரிக்கிறவரும் இறக்குமதி செய்கிறவரும் கட்டட்டும். கட்டிய காசு நானாவின் தராசு வரைக்கும் வரட்டும். ஒரு கிலோ பக்கெட்டுக்கு அவருக்கு ஆட்டோப் பெற்றோலும் கூலியும் கட்டுப்படியானால் அந்த நான்கு மூட்டையையும் அவரே தூக்கிப் போட்டுக்கொண்டு போவார். இந்தியா 2022 பெப்ரவரியில் இப்படித் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் விதிகளைக் கொண்டுவந்து, பல அடுக்கு உறைகளைத் தனி வகையாகவே அதில் சேர்த்தது. நாமும் அதே விதியை எடுத்தால், இரண்டு கரையிலும் விற்கிற கம்பனிக்கு இங்கே ஒரு கணக்கு அங்கே ஒரு கணக்கு என்று தப்ப இடமிருக்காது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் பக்கெட் செய்வது அவர்களுக்கே லாபம் என்று ஆகும். இலங்கை தனியாகக் கேட்டால் எங்கள் சந்தை சின்னது, விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்பார்கள். ஐந்து நாடு சேர்ந்து கேட்டால் போக இடமில்லை. அந்த ஐந்து நாட்டுக் கூட்டணிக்கு எங்கள் லயத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றால் அது இதுதான்.

பிளாஸ்டிக்கின் மூலக் குருணையை நம் நாடு செய்வதில்லை, எல்லாம் இறக்குமதி. எங்கள் மூட்டைக்குள் இருக்கிற ஒவ்வொரு துண்டும் ஒருமுறை கடலைத் தாண்டி, லொறியேறி, கினிகத்தேனை வளைவுகளைச் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. கொண்டுவந்து சேர்க்க வழி கண்டுபிடித்தவர்களுக்குத் திருப்பிக் கொண்டுபோக வழி இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்போது சித்திரை முடிகிறது. நான்கு மூட்டை ஏழாகிவிட்டது. வாசல் இஸ்தோப்பில் பாதி இடம் அதற்கே போகிறது, அப்பா செருப்புப் போட உட்காரும் திண்ணையும் போய்விட்டது. தூக்கி எறியச் சொல்லிப் பக்கத்து வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பக்கெட்டைக் கழுவி, வாயைக் கீழே திருப்பி, ஜன்னல் கம்பியில் செருகிக் காயவைக்கப் பழகிவிட்டார்கள். தொய்வுக்காரப் பிள்ளைதான் அதில் முதல் ஆள். தென்மேற்கு மழை வருமுன் மூட்டைகள் நனையாமலிருக்க அம்மா தன் பழைய படங்கை விரித்து மூடி, நான்கு மூலைக்கும் கல் வைத்திருக்கிறார். போத்தல் நானா அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுபடி கேட்டுப் பார்க்கப் போகிறோம்.